குடியிருப்போர் நலச் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு நிர்வாகக் குழு கூடியபோதெல்லாம் தண்ணீரைப் பற்றித்தான் பேசினோம். அதனால் இந்த அறிக்கையும் பெரும்பாலும் அதைப் பற்றியே. மாடிப்படி விளக்குகளும் வண்டி நிறுத்துமிடமும் சரிசெய்யப்பட்டன. கணக்கைப் பொருளாளர் வாசிப்பார்.

தண்ணீர் வரத்துதான் குறைந்துவிட்டது என்று தொடக்கத்தில் எல்லோரும் நினைத்தோம், நானும்தான். மோட்டாரைக் கூடுதல் நேரம் ஓட்டினோம். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிந்தது, நான்காம் மாடிக் குழாயிலோ நூல் போலத்தான் வந்தது. சரி என்று ஒரே வாளியைத் தூக்கிக்கொண்டு தளம் தளமாகப் போனோம். தரைத்தளத்தில் இரண்டு நிமிடத்தில் நிரம்பிய வாளி, நான்காம் மாடிச் சமையலறையில் நிரம்ப 11 நிமிடம் ஆனது.

மேல்தளத்தில் அழுத்தம் குறைவாக இருப்பது இயல்புதான். 10 மீட்டர் உயரத்துத் தண்ணீர் ஏறக்குறைய ஒரு பார் (அழுத்தத்தை அளக்கும் அலகு) அழுத்தம் தரும். தொட்டிக்கும் நான்காம் மாடிக் குழாய்க்கும் இடையே 3 மீட்டர்தான், அதாவது 0.3 பார். ஆனால் கட்டிடம் கட்டிய நாளிலிருந்து தொட்டி அதே உயரத்தில்தான் இருக்கிறது. அந்தக் காலத்தில் ஷவரே நன்றாக வந்தது என்கிறார்கள் பழைய உறுப்பினர்கள்.

தொட்டியிலிருந்து இறங்கும் குழாயில் ஒரு முழம் வெட்டி எடுத்தபோதுதான் காரணம் தெரிந்தது. அந்தத் துண்டு மேசைமேல் இருக்கிறது, கையில் எடுத்துப் பாருங்கள். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கிறது. உள்ளே துரு முடிச்சு முடிச்சாக வளர்ந்திருக்கிறது. என் சுண்டுவிரல் நுழையவில்லை, பென்சில்தான் நுழைந்தது. நம் குழாய் ஜிஐ, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய். பூச்சு போனபின் அது உள்ளிருந்தே அரிக்கும். உள்விட்டம் பாதியானால் தண்ணீருக்கான வழி கால்வாசியாகிவிடும். உராய்வும் சேர்வதால் வரத்து அதைவிடவும் குறையும். காலையில் முதல் தண்ணீர் செம்மண் நிறத்தில் வருகிறதே, அது இரவெல்லாம் இந்தத் துருவோடு கிடந்த தண்ணீர்.

ஒன்றை வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. சில வீடுகளில் பொதுக்குழாயிலேயே நேராக பூஸ்டர் பம்பு மாட்டிவிட்டார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் எத்தனை நாள்தான் பொறுப்பார்கள்? ஆனால் அந்தப் பம்பு ஓடும்போது அடுத்த வீட்டுக் குழாயில் காற்றுதான் வருகிறது. இழுக்கிற வேகத்தில் விரிசல் விட்ட இணைப்பு வழியாக அழுக்குநீரும் உள்ளே வரலாம். நான்காம் மாடியில் தனியாக இருக்கும் பெரியம்மா கீழே வந்து குடம் பிடித்து, ஒவ்வொரு தளத்திலும் இறக்கி வைத்து மூச்சு வாங்கி மேலே போனதை நம்மில் பலர் பார்த்தோம். பேசிய பிறகு இரண்டு வீட்டார் தாங்களே பம்பைக் கழற்றினார்கள். அவர்களுக்கு என் மனமார்ந்த நன்றி. மற்றவர்களும் இந்த மாதத்துக்குள் கழற்றிவிட வேண்டும்.

கசிவையும் பார்த்தோம். ஃப்ளஷ் டேங்கில் நிறம் கலந்து, கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது பல வீடுகளில் ஃப்ளஷ் செய்யாமலேயே நிறம் கழிப்பறைக் கோப்பைக்குள் இறங்கியிருந்தது. நொடிக்கு ஒரு சொட்டு ஒழுகும் குழாய்கூட நாளொன்றுக்கு ஏறக்குறைய 20 லிட்டரை வீணாக்கும். வாஷரை மாற்றாதவர்கள் உடனே மாற்றுங்கள்.

இனி முக்கியமான கோரிக்கை. இறங்கு குழாய்கள் நான்கையும் ஒரே முறையில் மாற்றி, வீட்டுக்கு ஒரு வால்வு வைக்கக் குழு பரிந்துரைக்கிறது. ஒரு தளத்துக்கு மட்டும் மாற்றினால் மேலிருந்து உதிரும் துரு புதுக்குழாயையும் அடைக்கும். குழாய் குளியலறைச் சுவருக்குள் போகிறது. அதனால் எந்த வீட்டில் கதவு திறக்காவிட்டாலும் அதற்குக் கீழே உள்ள வீடுகளின் வேலையும் நின்றுவிடும். வெளியூரில் இருப்பவர்கள் சாவியைக் குழுவிடம் கொடுக்க வேண்டுகிறேன். சுவரை இடித்த இடத்தைப் பூசி டைல்ஸ் ஒட்டித் தருவது சங்கத்தின் பொறுப்பு. வேலை நடக்கும் நாட்களில் கீழே பொதுக்குழாய் ஒன்று இருக்கும், முதியவர்கள் வீட்டுக்குத் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுக்க இளைஞர்கள் சிலர் முன்வந்திருக்கிறார்கள்.

தீர்மானம் இப்போது உங்கள் முன் வைக்கப்படுகிறது.

செயலாளர்