குளத்து மீன் குத்தகைதாரர்களுக்கு ஒரு திறந்த மடல்

திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளம் பறவைகள் சரணாலயத்துப் பக்கத்துக் குளங்களைக் குத்தகைக்கு எடுத்திருக்கும் அண்ணாச்சிமார்களுக்கு,

வணக்கம். கூழைக்கடா, அதாவது பெலிகன், உங்கள் மீனைத் தின்கிறதா என்றால், தின்கிறதுதான். கடன் வாங்கிக் குஞ்சு விட்டவருக்கு, விடியக்காலையில் அது வந்து இறங்குவதைப் பார்த்தால் வயிறு எரியத்தான் செய்யும். நான் பேச வந்தது அதன் ஆயுசைப் பற்றி.

பெலிகன் இனங்கள் வெளியில் 15 முதல் 25 வருஷம் வாழும் என்பது பொதுவான கணக்கு. காட்சிச்சாலைகளில் 50ஐத் தாண்டியவையும் உண்டு. ஆயுசு நீளம், பெருக்கம் கம்மி. ஒரு ஈட்டுக்குச் சில முட்டைகள்தான், ஒரு மாதம் அடை, அப்புறம் மாதக்கணக்கில் இரை ஊட்ட வேண்டும். கருவ மரத்துக் கூட்டிலிருந்து காற்றில் விழும் குஞ்சுகள் போக, குளம் வற்றிப் பட்டினியில் சாகிறவை போக, மிச்சம்தான் வளர்ந்து பறக்கும். அப்படித் தப்பி வளர்ந்த பறவை ஒன்று போனால், அந்த இடத்தை நிரப்ப வருஷங்கள் ஆகும்.

போன மாசியில் ஒரு குளத்தங்கரையில் அப்படி ஒன்றைப் பார்த்தேன். யாரோ விட்டுப்போன நைலான் தூண்டில் நரம்பு காலைச் சுற்றி, சதைக்குள் இறங்கியிருந்தது. விரித்தால் எட்டடி வரும் இறக்கையைப் பாதிகூட விரிக்க முடியவில்லை. ஒருவர் அலகைப் பிடிக்க, நான் பிளேடால் அறுத்தேன். தாடைப்பையிலும் தூண்டில் முள் கிழித்த ஓட்டை. இரண்டாம் நாள் செத்துவிட்டது.

நோயும் இருக்கிறது. கர்நாடகத்தின் கொக்கரே பெல்லூரில் 2017 கடைசியில் தொடங்கி கூழைக்கடாக்கள் வரிசையாகச் செத்தன. காரணம் வயிற்றில் உருண்டைப்புழு. அது மீன் வழியாகத்தான் பறவைக்குப் போகிறது. அதை நீங்களும் நானும் தடுக்க முடியாது. நைலான் நரம்பைத் தடுக்க முடியும்.

கூந்தன்குளத்துக்காரர்கள் தீபாவளிக்கே வெடி போடுவதில்லை. 1994இல் சரணாலயம் ஆவதற்கு முன்பிருந்தே அந்த ஊர் பறவைகளை வீட்டுப் பிள்ளைகள்போல் பார்த்துக்கொள்கிறது. பறவையை விரட்ட உங்களில் சிலர் போடும் வெடியைக் கூடு கட்டும் மாதங்களிலாவது நிறுத்துங்கள். குஞ்சு பறக்கும்வரை குளத்தைக் கடைசிச் சொட்டுவரை இறைக்காதீர்கள்.

கிழிந்த வலையையும் அறுந்த நரம்பையும் எங்கே போடுவது என்று கேட்பீர்கள். மடைக்குப் பக்கத்தில் ஒரு சாக்கு கட்டி வையுங்கள். நிரம்பியதும் சொல்லி அனுப்பினால் போதும், வண்டியில் வந்து நானே எடுத்துப் போகிறேன்.

இப்படிக்கு,
கரையில் உட்கார்ந்து பறவை பார்க்கும் ஒருவன்