கடித்த இடத்திலிருந்து மூளை வரை

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

கதை கிடைத்தது. ராத்திரி 2 மணி வரை உட்கார்ந்து படித்து முடித்தேன். பேருந்து நிலையத்தில் ஜனம் சிதறி ஓடும் இடத்தில் எனக்கே கை நடுங்கியது. ஆனால் அந்த ஜாம்பி வைரஸை மட்டும் மனசு ஏற்கவில்லை. 30 வருஷமாகக் கால்நடை மருத்துவனாக வெறிநோயைப் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன்.

உன் கதையில் கடிபட்டவன் பத்தே நொடியில் மாறிவிடுகிறான். அப்படிப்பட்ட நோய் ஊர் தாண்டாது. அவன் பஸ் ஏறும் முன்பே எல்லோரும் கண்டுகொள்வார்கள், நாலு தெருவை அடைத்தால் அங்கேயே முடிந்துவிடும். தனக்கு ஒன்றுமில்லை என்று நம்பி, புதுச்சட்டை போட்டுக்கொண்டு தங்கை கல்யாணத்துக்குப் புறப்படுகிறானே, அவன்தான் நோயைத் தூரமாகக் கொண்டுபோவான்.

அதேபோல் செத்தவன் எழுந்து நடப்பதும் வேண்டாம். வைரஸ் பெருக உயிருள்ள செல் வேண்டும். உயிர் போன சில மணி நேரத்தில் தசை விறைத்துவிடும், அதை எந்தக் கிருமியாலும் நடக்கவைக்க முடியாது. உன் ஆட்கள் உயிரோடு இருக்கட்டும்.

வெறிநாய்க்கடி எப்படி வேலை செய்கிறது என்று சொல்கிறேன், இதிலிருந்து எடுத்துக்கொள். கடித்த இடத்துத் தசையில் இறங்கும் கிருமி நரம்பு நுனியைப் பிடித்து, நரம்பு வழியாகவே தண்டுவடத்துக்கும் மூளைக்கும் ஏறுகிறது. பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று மாதம் ஆகும். முகத்தில் கடித்தால் சீக்கிரம், காலில் கடித்தால் தாமதம். அந்த நாட்களில் காய்ச்சல்கூட இருக்காது. மூளையைப் பிடித்த பிறகு அது மறுபடி நரம்பு வழியே இறங்கி உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. எச்சிலில் கிருமி நிறையும் அதே நாட்களில்தான் நாய்க்குக் கடிக்கும் வெறி வருகிறது. தொண்டைத் தசை இழுத்துக்கொள்வதால் எச்சிலை விழுங்கவும் முடியாது, வாயிலேயே தேங்கும். இதை முதன்முதலில் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. இத்தனை நேர்த்தியான கொடுமையை நீயோ நானோ யோசித்து எழுத முடியாது.

எல்லாம் வெறிகொண்டு பாய்வதும் இல்லை. சில நாய்கள் மூலையில் முடங்கி, தாடை தொங்கிக் கிடக்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பசுவைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். நுரை தள்ளியது, தீனி எடுக்கவில்லை, குரல் கம்மிக் கத்திக்கொண்டே இருந்தது. ‘தொண்டையில மாங்கொட்டை அடைச்சிருக்கு சார்’ என்று அந்த அம்மா ஏற்கெனவே வாய்க்குள் கைவிட்டுத் துழாவியிருந்தார். வாஞ்சையால் விட்ட கை அது. அன்றைக்கே அவரை ஊசிக்கு அனுப்பிவைத்தேன், பிழைத்துக்கொண்டார். பசு மூன்றாம் நாள் செத்தது. உன் கதையிலும் கடியால் மட்டுமே பரவ வேண்டாம். வாயில் தண்ணீர் ஊற்றுகிற தாய்க்கும் விரலில் ஒரு கீறல் இருக்கட்டும்.

இன்னொன்று. நோய் முற்றிய மனிதனுக்கும் நடுநடுவே புத்தி தெளியும். தண்ணீரைக் கண்டு உடம்பு துடிக்கும், அடுத்த நிமிஷம் பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவான். உன் ஜாம்பிகளில் ஒருவனுக்காவது அந்த ஒரு நிமிஷத்தைக் கொடு.

கிருமி மெதுவாக ஏறுவதால்தான் நமக்கு ஊசி போட நேரம் கிடைக்கிறது. 1885ல் லூயி பாஸ்டர் ஒன்பது வயதுப் பையன் ஜோசப் மைஸ்டரைக் காப்பாற்றியது அந்த இடைவெளியில்தான். நம் குன்னூரில் 1907லேயே இந்த ஊசிக்கென்று ஒரு நிலையம் வந்துவிட்டது. அறிகுறி தெரிந்த பிறகு மருந்து இல்லை.

நேற்று போனில் பேரனுக்கு முதல் ஊசி போட்டாச்சு என்று நீ சொன்ன பிறகுதான் நிம்மதியாக இருந்தது. கீறல்தானே என்று மஞ்சளோடு விட்டிருந்தாயே, கோபம் இன்னும் ஆறவில்லை. 3, 7, 28ஆம் நாள் ஊசிகளைக் காலண்டரில் குறித்து வை. அந்த நாய்க்குட்டியைப் பத்து நாள் கண்ணிலேயே வைத்திரு. தீனி எடுக்காமல் போனாலோ காணாமல் போனாலோ ராத்திரி என்று பார்க்காமல் என்னைக் கூப்பிடு. தங்கச்சியிடம் விசாரித்ததாகச் சொல்.

உன் அறைத்தோழன்