மருந்துக்கடை கவுன்ட்டருக்கு இந்தப் பக்கத்திலிருந்து, மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

தை பிறந்ததும் அவிநாசியில் சொந்த கிளினிக் திறக்கப்போகிறாய் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் போனில், "ஒரு மருந்துக் கம்பெனி ஏ.சி. போட்டுத் தர்றேங்குதும்மா" என்று சிரித்தாயே, அதுதான் உறுத்திக்கொண்டே இருக்கிறது. நேரில் பேசினால் சண்டையில் முடியும், அதனால் எழுதுகிறேன்.

உன் அறைக்கு வரும் மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி, அந்த ரெப், உன்னைப் பார்த்து முடித்ததும் எங்கே போகிறான் தெரியுமா? என்னைப் போன்றவர்களின் மருந்துக்கடைக்கு. கூட்டம் இல்லாத மத்தியான நேரமாகப் பார்த்து வந்து, "அக்கா, அந்த டாக்டர் நம்ம சுகர் மாத்திரை எழுதுறாரா? போன மாசம் எத்தனை ஸ்ட்ரிப் போச்சு? போட்டிக் கம்பெனிது எவ்வளவு?" என்று கேட்டுக் குறித்துக்கொள்வான். எந்த டாக்டர் எதை எழுதுகிறார் என்று கடையில் கணக்கெடுக்கும் இதற்கு ஆர்.சி.பி.ஏ. என்று தனிப் படிவமே வைத்திருக்கிறார்கள். ஏ.சி. வாங்கின டாக்டர் எழுதுகிறாரா இல்லையா என்று கணக்குப் பார்ப்பது இங்கேதான். அந்தப் பையன்கள் மேல் எனக்குக் கோபம் கிடையாது, டார்கெட் முடியாவிட்டால் அவர்கள் சம்பளத்துக்கே ஆபத்து.

2020 அக்டோபரில் டாபாகிளிஃப்ளோசின் என்ற சுகர் மருந்துக்குக் காப்புரிமை முடிந்து, மற்ற கம்பெனிகளும் தயாரிக்கலாம் என்றானபோது கடைக்கு வந்த பிராண்டுகளை அடுக்க அலமாரி போதவில்லை. உள்ளே மருந்து ஒன்று, பெயர் ஆளுக்கொன்று, விலையும் ஆளுக்கொன்று. டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்கலாம் என்ற ஷெட்யூல் ஹெச் பட்டியல் மருந்தில், டாக்டர் எழுதிய பிராண்டை மாற்றிக் கொடுக்க எங்களுக்குச் சட்டத்தில் இடமில்லை. ஆகவே ஒரு பாட்டி வந்து விலையைக் கேட்டுவிட்டு, "முழு அட்டை வேண்டாம் சாமி, ஆறு மாத்திரை மட்டும் வெட்டிக் கொடு" என்னும்போது, பக்கத்து டப்பாவிலேயே மலிவானது இருந்தும் நான் கத்திரிக்கோலைத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

பிராண்டுக்குப் பதில் உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை, அதாவது மூலக்கூறு பெயரை, நீ எழுதினால் மலிவானதைக் கொடுத்துவிடலாம். அதன் தரத்தை எப்படி நம்புவது என்று நீ கேட்பாய். நியாயமான கேள்விதான். அடுத்த முறை வரும்போது இரண்டு மூன்று பெரிய பிராண்டு அட்டைகளைத் திருப்பி, பொடி எழுத்தைப் படித்துப் பார். விற்பவர் ஒருவர், தயாரிப்பவர் இமாசலத்திலோ சிக்கிமிலோ இருக்கும் வேறொருவர் என்று பல அட்டைகளில் இருக்கும். 2025இல் மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகளைக் கொன்ற, நம் காஞ்சிபுரத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் மருந்தும் பிராண்டுப் பெயரில் விற்றதுதானே. தரத்துக்குச் சோதனைதான் வேண்டும். 1994இல் தொடங்கிய நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் டெண்டர் போட்டு, மூலக்கூறு பெயரிலேயே மொத்தமாக வாங்கி, ஆய்வகத்தில் சோதித்துத்தான் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. நீ ஹவுஸ் சர்ஜனாக இருந்தபோது எழுதிய மெட்ஃபார்மின் சுகர் மாத்திரை அங்கிருந்து வந்ததுதான், அப்போது உனக்குச் சந்தேகம் வரவில்லையே!

சட்டமும் முன்னைப் போல இல்லை. டாக்டர்களுக்குத் தங்கக் காசு, டிவி, ஃபிரிட்ஜ் என்று கொடுத்த செலவை வருமான வரிக் கணக்கில் கழிக்கக் கேட்ட அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்துக் கம்பெனியின் வழக்கில், 2022 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் முடியாது என்றுவிட்டது. அந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்றும் சொன்னது. 2024 மார்ச்சில் மத்திய அரசின் புது நெறிமுறை வந்து பரிசுக்கும் வெளிநாட்டுக் கருத்தரங்குப் பயணத்துக்கும் தடை போட்டது. ஆனால் புகாரை விசாரிப்பது கம்பெனிகளின் சங்கமே அமைக்கும் குழு. இதில் நான் பெரிதாக எதையும் எதிர்பார்க்கவில்லை.

அப்புறம், கிளினிக்கை ஒட்டி ஒரு கடை, நீ எழுதுவது அங்கே மட்டும்தான் கிடைக்கும் என்ற ஏற்பாட்டோடு எவனாவது வந்தால் வாசலோடு அனுப்பிவிடு. நோயாளி சீட்டைத் தூக்கிக்கொண்டு நாலு கடை அலைந்து திரும்பி வருவதை நான் தினம் பார்க்கிறேன்.

ஏ.சி. காசை அப்பா தருகிறேன் என்கிறார், மெதுவாகத் திருப்பிக் கொடு. கம்பெனி அச்சடித்துத் தரும் சீட்டு பேடும் வேண்டாம், நம் முருகன் பிரஸ்ஸில் நானே அடித்து அனுப்புகிறேன். உன் பதிவு எண்ணை வாட்ஸாப்பில் போடு. மூலக்கூறு பெயரைப் பெரிய எழுத்தில் எழுத இடம் விட்டு அடிக்கச் சொல்கிறேன், உன் கையெழுத்துக்கு அதுவும் தேவைதான்.

அன்புடன்,
அம்மா