“புரிந்ததா?” என்று மட்டும் கேட்காதீர்கள்: ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

பாடம் நடத்தும் ஆசிரியர்களுக்கும், அவர்களுக்குப் பாடவேளை ஒதுக்கிக் கொடுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் வணக்கம்.

முன்வரிசையில் உட்கார்ந்து, கரும்பலகையில் இருப்பதை ஒரு புள்ளி விடாமல் நோட்டில் எழுதிக்கொண்ட மாணவன் நான். மின்சாரப் பாடத்தில் வரும் ஓம் விதியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மின்சுற்றுப் படத்தை ஸ்கேல் வைத்து வரைந்து முழு மதிப்பெண் வாங்கியிருக்கிறேன். “புரிந்ததா?” என்று ஆசிரியர் கேட்டால் வகுப்பே சேர்ந்து “புரிந்தது” என்போம். என் குரல்தான் முதலில் கேட்கும்.

ஒருநாள் புதிதாக வந்த அறிவியல் ஆசிரியை புத்தகத்தை மூடச் சொன்னார். இரண்டிரண்டு பேருக்கு ஒரு பேட்டரி, ஒரு டார்ச் பல்பு, ஒரே ஒரு துண்டு வயர். “எரிய வையுங்கள்” என்றார். அவ்வளவுதான்.

வயரின் ஒரு முனையைப் பேட்டரியிலும் மறுமுனையைப் பல்பின் அடியிலும் வைத்தேன். எரியவில்லை. பேட்டரியைத் திருப்பி வைத்தேன். அப்போதும் எரியவில்லை. நான் வரைந்த படங்களில் பல்பு என்றால் ஒரு வட்டம், அதற்குள் ஒரு பெருக்கல் குறி. நிஜப் பல்புக்குள் மின்சாரம் எந்த வழியாகப் போய் எந்த வழியாக வெளியே வருகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை. பக்கத்தில் இருந்தவன் பல்பைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, “அடியில ஒரு பொட்டு இருக்கு. சுத்தி இருக்கிற தகடு வேற. நடுவுல கறுப்பா ஏதோ ரெண்டையும் பிரிக்குது” என்றான். பொட்டைப் பேட்டரியின் குமிழ்மேல் நிறுத்தி, வயரைப் பேட்டரியின் அடியில் அழுத்தி, மறுமுனையைத் தகட்டில் தொட்டோம். எரிந்தது! அப்புறம் ஆசிரியை மூடிய சுற்று, அதாவது மின்சாரம் எங்கும் அறுபடாமல் சுற்றி வரும் பாதை, என்றால் என்ன என்று விளக்கியபோது, ஒவ்வொரு சொல்லும் மனதில் போய் உட்கார இடம் இருந்தது.

அவரும் விளக்கத்தான் செய்தார். முதலில் எங்களைத் திணற விட்டுவிட்டு விளக்கினார். இதைத்தான் உங்களிடம் கேட்கிறேன்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. திணறுகிற வகுப்பு மாணவர்களுக்கே பிடிக்காமல் போகலாம். ஹார்வர்டு பல்கலைக்கழக இயற்பியல் வகுப்புகளில் செய்து 2019-இல் வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது. சரளமான விரிவுரையைக் கேட்டபோது அதிகம் கற்றதாக மாணவர்கள் நினைத்தார்கள். தாங்களே கணக்கோடு மல்லுக்கட்டியபோது குறைவாகக் கற்றதாக நினைத்தார்கள். தேர்வு வைத்தால் முடிவு நேர்மாறாக இருந்தது. ஆகவே, முதல் வாரம் பிள்ளைகள் முகம் சுளித்தால் தயவுசெய்து கைவிட்டுவிடாதீர்கள். எதற்காக இப்படிச் செய்கிறீர்கள் என்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

“போர்ஷனை யார் முடிப்பது?” என்பீர்கள். நியாயமான கவலைதான். ஆனால் என் ஓம் விதியும் போர்ஷன்படி முடிந்துபோன பாடம்தானே? கல்லூரி அளவில் அறிவியல், பொறியியல், கணித வகுப்புகளைப் பற்றிய 225 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்தார்கள். 2014-இல் வெளியான அந்தத் தொகுப்பின்படி, விரிவுரை மட்டும் நடந்த வகுப்புகளில் சுமார் 34 சதவீதம் பேர் தோற்றார்கள். மாணவர்களைச் செய்ய வைத்த வகுப்புகளில் அது சுமார் 22 சதவீதம்.

இதற்குத் தனி ஆய்வகம் தேவையில்லை. விளக்குவதற்கு முன்னால் விடையை ஊகித்து எழுதச் சொல்லுங்கள், பக்கத்தில் இருப்பவரோடு வாதாட விடுங்கள். மணி அடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது நோட்டை மூடச் சொல்லி, நினைவில் இருப்பதை எழுத வையுங்கள். அதற்கு மதிப்பெண் போட்டுவிடாதீர்கள். பயந்தால் யாரும் ஊகிக்க மாட்டார்கள்.

தலைமையாசிரியர்களுக்குத் தனியாக ஒன்று. பல்பு எரிந்த அன்று நாங்கள் போட்ட சத்தத்தில் வராந்தாவில் போன ஒருவர் உள்ளே வந்து, எங்கள் முன்னாலேயே அந்த ஆசிரியையைக் கடிந்துகொண்டார். அடுத்த வாரம் மறுபடி கரும்பலகை, நோட்டு. அவர் மறுபடி பேட்டரி எடுத்துவரவே இல்லை. இனி ஒரு வகுப்பில் சத்தம் கேட்டால், பிள்ளைகள் எதைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று ஒரு நிமிடம் வாசலில் நின்று கேட்டுவிட்டு அப்புறம் உள்ளே வாருங்கள்.

அன்புடன்,
பழைய முன்வரிசை மாணவன்