இடது பெடலுக்கு மரை தலைகீழ்

பாப்பா,

பாப்பான்னு எழுதினதுக்கு கோவப்படாத, காலேஜ் போயிட்டா கூப்பிடுற பேரும் மாறிடுமா என்ன. நேத்து நைட்டு போன்ல எல்லாம் சொல்லி முடிச்சுட்டு கட் பண்றதுக்கு முன்னாடி உன் ஸ்கூல் ஃப்ரெண்டைப் பத்தி "அவ இப்பல்லாம் பேசறதே இல்லப்பா"ன்னு ஒண்ணு சொன்ன பாரு, நான் வெறும் "ம்" போட்டுட்டு விட்டுட்டேன். எனக்கு போன்ல டக்குன்னு பேச வராது, உனக்கே தெரியும். அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமா போச்சுன்னா மெதுவா படி.

நீங்க ரெண்டு பேரும் லீவுல சைக்கிள் கடைக்கு வேலைக்கு போறோம்னு நின்னப்ப எனக்கு இஷ்டமே இல்ல, இப்ப ஒத்துக்கறேன். வீட்ல இருந்தா போனைத்தான் நோண்டிட்டு இருப்ப, போய்த்தான் பாக்கட்டுமேன்னு விட்டேன். முதல் வாரம் பூரா நகத்துக்குள்ள கிரீஸோட வந்து நின்ன. ஆனா எனக்கு மறக்காம இருக்கறது அந்த லெஃப்ட் பெடல் விஷயம்தான். பெடலை கழட்டுன்னு சொல்லியிருக்காங்க, நீ ஸ்பேனரை மாட்டி மத்த நட்டெல்லாம் எப்படி திருப்புவியோ அப்படியே தம் கட்டி திருப்பி திருப்பி இன்னும் டைட்டாக்கி வச்சிருக்க, அவ வந்து ஒண்ணும் பேசாம ஸ்பேனரை வாங்கி அந்தப் பக்கமா ஒரே அழுத்து, கழண்டு வந்துருச்சு. இடது பெடலுக்கு மட்டும் மரை தலைகீழ், மிதிக்க மிதிக்க தானா லூஸாகிடக் கூடாதுன்னு அப்படி வச்சிருக்காங்களாம். அன்னிக்கு ராத்திரி பூரா அதையே சொல்லி சொல்லி சிரிச்ச. அவளுக்கு தெரியுது எனக்கு தெரியல பாருப்பான்னு. உன் வாயில இருந்து அப்படி ஒரு வார்த்தையை நான் அதுக்கு முன்னாடி கேட்டதே இல்ல, ஸ்கூல்ல எப்பவும் நீதானே அவளுக்கு கணக்கு சொல்லிக் குடுக்கற ஆளு.

கடையில அது அப்படியே மாறிப்போச்சு இல்ல? ஒருநாள் உன்னை கூட்டிட்டு போக வந்தப்ப நானே பாத்தேன். அவ வீலை சுத்தவிட்டு ரிம் ஓரமா சாக்பீஸை பிடிச்சுட்டு உக்காந்திருந்தா, எங்க கோடு விழுதோ அங்க கோட்டம். 36 கம்பில அந்த இடத்து கம்பிகளை மட்டும் ஒரு பக்கம் கால் சுத்து டைட் பண்ணி இன்னொரு பக்கம் கால் சுத்து லூஸ் பண்ணி, திரும்ப சுத்தவிட்டு பாக்கறா. "ஒரே கம்பியை பிடிச்சு முறுக்கினா வேற எடத்துல வளைஞ்சுடும் அங்கிள்"னு எனக்கே பாடம் எடுத்தா. அந்த வயசுல எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது, இப்பவும் கிடையாது.

நானும் சும்மா இல்ல, நீ போற வேலையாச்சேன்னு கொஞ்சம் தேடிப் படிச்சேன். டன்லப்னு ஒருத்தர், மாட்டு டாக்டர், 1887-ல தன் பையனோட மூணு சக்கர வண்டி குலுங்குதுன்னு காத்தடிச்ச ரப்பர் டியூபை சக்கரத்துல சுத்திக் குடுத்தாராம், அடுத்த வருஷமே பேட்டன்ட். (அதுக்கு நாப்பது வருஷம் முன்னாடியே, 1845-ல, தாம்சன்னு இன்னொருத்தர் இதே ஐடியாவுக்கு பேட்டன்ட் வாங்கி வச்சிருந்தது தனிக்கதை.) அந்த அப்பா டயரே கண்டுபிடிச்சுட்டாரு, நான் உன் சைக்கிளுக்கு ஒழுங்கா காத்து கூட அடிச்சு குடுத்ததில்ல.

சரி விஷயத்துக்கு வர்றேன். உனக்கு சீட் கிடைச்சதுக்கப்புறம் கடைசி பத்து நாள் நீ கடையில இருந்தாலும் கடையில இல்ல. ஹாஸ்டல், ரூம்மேட், பேக்னு அதே பேச்சு, அதையும் அவகிட்டயே. அவளுக்கு இந்த வருஷம் காலேஜ் இல்லன்னு உனக்கு தெரியும். கடைசி நாள் நீ ஒட்டின பஞ்சரை அவ பிச்சு எடுத்துட்டு திரும்ப ஒட்டினான்னு எவ்ளோ கோவமா வந்த. சொல்யூஷன் தடவினா அது காஞ்சு கையில பிசுக்குன்னு ஒட்டற பதம் வர்ற வரைக்கும் வெயிட் பண்ணணும், ஈரத்தோட ஒட்டு போட்டா நிக்காதுன்னு எனக்கு சொல்லிக் குடுத்ததே நீதான். அன்னிக்கு நீ வெயிட் பண்ணல. "அவளுக்கு பொறாமைப்பா"ன்ன. அப்பவும் நான் "ம்"தான் சொன்னேன், அது என் தப்பு. பொறாமை இல்லம்மா. அந்த சைக்கிள் மறுநாள் காத்து இறங்கி திரும்பி வந்தா அவ முன்னாடிதான் வந்து நிக்கும், நீ அங்க இருக்க மாட்ட.

இதை எப்படி இவ்ளோ உறுதியா சொல்றேன்னா, நானும் ஒருத்தனை விட்டுட்டு வந்தவன். 17 வயசுல லீவுக்கு ஒரு பிரஸ்ஸுல ரெண்டு பேரும் பில் புக்குக்கு நம்பர் அடிச்சோம், அவன் ஹேண்டிலை அமுக்குவான் நான் தாளை இழுப்பேன். நான் காலேஜ் வந்தேன், அவன் அங்கயே இருந்தான். ரெண்டு லெட்டர் போட்டான். முதல் லெட்டருக்கு பதில் போட்டேன், ரெண்டாவதுக்கு சாவகாசமா பெருசா எழுதலாம்னு வச்சேன், வச்சேன், அப்புறம் இவ்ளோ நாள் கழிச்சு என்னன்னு எழுதறதுன்னு வெக்கமாயிடுச்சு. லீவுக்கு போனா பிரஸ் இருக்கற தெருவை விட்டு சுத்திப் போவேன். ரொம்ப வருஷம் கழிச்சு பஸ்ல எதிர்ல உக்காந்திருந்தான். வாடா போடான்னு முதுகுல அடிச்சு பேசினவன், "நல்லா இருக்கீங்களா"ன்னு கேட்டான். அந்த "ங்க"வை நான் இன்னும் மறக்கல.

அவ முதல்ல கூப்பிட மாட்டா. புது ஆளுங்க, புது எடம், நாம எதுக்கு நடுவுலன்னு நினைச்சுட்டு இருப்பா. கிளம்பிப் போனது நீ, அதனால நீதான் கூப்பிடணும். ஏன் பேசலன்னு மட்டும் ஆரம்பிச்சுடாத, சாரி சாரின்னு அழுதும் வைக்காத. நீ வாங்கின பழைய சைக்கிள் மிதிக்கறப்ப கடக் கடக்னு சத்தம் வருதுன்னு சொன்னியே, அதை யூட்யூப்ல தேடாம அவகிட்ட கேளு.

அப்புறம் ஒண்ணு. உன் பழைய பேக்கை உதறினப்ப உள்ள ஒரு 15-ம் நம்பர் ஸ்பேனர் இருந்துச்சு. கடையோடதுதானே? அம்மா என்னை போய் குடுத்துட்டு வர சொன்னா, நான் போகல. டிவி பக்கத்துல வச்சிருக்கேன், லீவுக்கு வந்து நீயே கொண்டு போய் குடு.

அப்பா