டார்ச்சோடு சிமெண்டும் அனுப்புங்கள்

பள்ளிப் பல் பரிசோதனை முகாம்களுக்குத் திட்டம் போடும் அதிகாரிகளுக்கு,

வணக்கம். அந்த முகாம்களில் பிள்ளைகளின் வாயைப் பார்க்கும் மருத்துவர்களில் நானும் ஒருத்தி. முகாம் முடிந்ததும் நீங்கள் நிரப்பச் சொல்லும் படிவத்தில் ஒரு கட்டம் ரொம்ப நாளாக உறுத்துகிறது. ‘பாதிக்கப்பட்ட பற்கள்’ என்று ஒரே ஒரு எண் கேட்கிறீர்கள்.

1938 முதல் பல் மருத்துவத்தில் புழங்கும் கணக்கில் மூன்று எண்கள் உண்டு: சொத்தையாக இருப்பவை, சொத்தையால் போனவை, அடைத்தவை. மூன்றையும் கூட்டிப் பார்த்தால் அரசுப் பள்ளிப் பிள்ளைக்கும் தனியார் பள்ளிப் பிள்ளைக்கும் சில நேரம் ஒரே எண்தான் வரும். வித்தியாசம் இல்லை என்று கோப்பை மூடிவிடலாம். வாயைத் திறந்து பார்த்தால்தான் தெரியும், ஒரு பிள்ளைக்கு எல்லாம் அடைத்த பல், இன்னொரு பிள்ளைக்கு எல்லாம் ஓட்டை. (தனியார் பள்ளிப் பிள்ளைகள் மிட்டாய் குறைவாகத் தின்கிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வருகிறது.)

போன முகாமில் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி. அரசுப் பள்ளி. “வலிக்குதா?” என்றால் இல்லை என்று தலையாட்டுகிறாள். ஆனால் வலப்பக்கப் பற்களில் மட்டும் மஞ்சள் அழுக்கு கெட்டியாகப் படிந்திருக்கிறது. அந்தப் பக்கம் அவள் மெல்லுவதே இல்லை. கீழ்க் கடைவாய்ப் பல் பாதி கரைந்துபோயிருந்தது. பால் பல் எதுவும் விழாமல், கடைசிப் பால் பல்லுக்குப் பின்னால் ஆறு வயது வாக்கில் சத்தமில்லாமல் முளைக்கும் நிரந்தரப் பல் அது. “விழுந்து முளைக்கும்ல டாக்டர்?” என்றார் அம்மா. பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள்.

முந்தின வருடம் அதே பல்லில் ஒரு கறுப்புப் புள்ளிதான் இருந்தது. ‘பல் மருத்துவரைப் பார்க்கவும்’ என்று சீட்டு எழுதிக் கொடுத்தவளும் நான்தான். அந்தச் சீட்டுக்கு ஒரு நாள் கூலி போகும், அரை நாள் வரிசையில் நிற்க வேண்டும். வசதியுள்ள வீட்டில் இதே சீட்டு போனால் அந்த வாரமே பல் அடைபடுகிறது.

ஆகவே சீட்டை நிறுத்திவிட்டு, சிகிச்சையைப் பள்ளிக்கே கொண்டுவாருங்கள். சின்னச் சொத்தையைக் கைக்கருவியால் சுரண்டி கிளாஸ் அயனோமர் என்ற பல் அடைக்கும் சிமெண்ட் வைக்கலாம். மின்சாரமும் வேண்டாம், டிரில்லும் வேண்டாம். இன்னும் சொத்தை விழாத கடைவாய்ப் பல்லின் பள்ளங்களை முன்கூட்டியே மூடிவிடலாம். சொத்தையைத் தடுக்கும் ஃபுளோரைடு வார்னிஷ் பூச ஒரு பிள்ளைக்குச் சில நிமிடங்கள்தான் ஆகும். சில்வர் டயமின் ஃபுளோரைடு என்ற மருந்தைத் தடவினால் பெரும்பாலும் சொத்தை மேலே பரவாமல் நிற்கும். தடவிய இடம் கறுத்துப்போகும், அதைப் பெற்றோரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த மருந்தும் சிமெண்டும் 2021-லேயே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் வந்துவிட்டன.

அப்புறம், படிவத்தில் மூன்று எண்களுக்கும் தனித்தனிக் கட்டம் போடுங்கள்.

அடுத்த முகாமுக்கு டார்ச்சோடு சிமெண்டும் வந்து சேர்ந்தால் நல்லது. அந்தச் சிறுமிக்கு ஆறு வயதில் முளைத்த கடைவாய்ப் பற்களில் மீதி மூன்று இன்னும் நன்றாக இருக்கின்றன.

இப்படிக்கு,
முகாமுக்கு வரும் பல் மருத்துவர்