பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டும் பெற்றோர் வட்டம், திருகோணமலை: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்புக்குரிய தலைவர் அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும், இங்கே கூடியிருக்கும் அம்மா, அப்பா, உம்மா, வாப்பா, அம்மம்மாமார் அனைவருக்கும் வணக்கம்.

கூட்டங்கள் வழமைபோல் மாதம் ஒருமுறை நடந்தன. ஒக்ரோபரில் தேசிய வாசிப்பு மாதத்தையொட்டிச் சிறுவர் நூல்களைக் காட்சிக்கு வைத்தோம். வரவு செலவைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். இந்த ஆண்டு எங்கள் உழைப்பில் பெரும்பகுதி ஒரே விடயத்துக்குச் சென்றதால், இந்த அறிக்கையும் அதைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறது: வீட்டில் புத்தகத்தைத் திறந்த பிறகு என்ன நடக்கிறது?

பல வீடுகளில் நடப்பது இதுதான். கதை தொடங்கி இரண்டாம் பக்கம் வருவதற்குள் "இது என்ன எழுத்து? சொல்லு பாப்பம்" என்ற கேள்வி வந்துவிடுகிறது. பிள்ளை மடியை விட்டு இறங்கிவிடுகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையின் பயம் முன்பள்ளி வயதுவரை இறங்கி வந்திருக்கும் ஊரில் பெற்றோரைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் வட்டம் இதில் உறுதியாக நிற்கிறது. வாசித்துக் காட்டும் நேரத்தில் எழுத்துப் பரீட்சை வேண்டாம். எழுத்துக்கு வேறொரு நேரம், வேறொரு கொப்பி இருக்கட்டும்.

எந்த வயதில் தொடங்குவது என்று புதிய அங்கத்தவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். பிறந்ததிலிருந்தே தொடங்கலாம். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் 2014 இல் இதையே பரிந்துரைத்தது. ஆறு மாதப் பிள்ளைக்கு இரண்டு மூன்று நிமிடம் போதும். தடித்த மட்டைப் புத்தகமோ துணிப் புத்தகமோ கொடுங்கள். பிள்ளை அதைக் கடிக்கும், பக்கங்களைப் பின்னிருந்து முன்னாகப் புரட்டும். அந்த வயதின் வாசிப்பு அப்படித்தான், தடுக்க வேண்டாம். ஒன்றரை வயதில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டச் சொல்லும். மூன்று வயதுக்கு மேல் 10 முதல் 15 நிமிடம் இருக்கும், ஆனால் நேற்று வாசித்த அதே கதையையே கேட்கும். பெரியவர்களுக்குச் சலிக்கும், பிள்ளைக்குச் சலிக்காது. முதல் வாசிப்பில் கதை என்னவென்று பிடிக்கிறது, மூன்றாவதில் சொற்களைப் பிடிக்கிறது, அதற்குப் பின் அடுத்த வரியைத் தானே சொல்கிறது. புதிய புத்தகத்தைத் திணித்தால் இந்தக் கடைசிப் படி கிடைக்காமல் போய்விடும்.

கேள்வியே கேட்கக்கூடாதா என்றால், கேட்கலாம். எப்படிக் கேட்பது என்பதற்காகவே இந்த ஆண்டின் பயிற்சிகள் நடந்தன. வைட்ஹர்ஸ்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் 1988 இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வயதை ஒட்டிய பிள்ளைகளின் பெற்றோருக்கு, வாசிக்கும்போது கேள்வி கேட்டுப் பிள்ளையைப் பேச வைக்கும் முறையை ஒரு மாதம் பழக்கினார்கள். அந்தப் பிள்ளைகள் மற்றப் பிள்ளைகளைவிட நீண்ட வாக்கியங்களில் பேசினார்கள். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோது வித்தியாசம் குறைந்திருந்தாலும் அழிந்துவிடவில்லை.

படத்தில் ஒரு மீன்கூடை இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். "கூடைக்குள்ள என்ன இருக்கு?" என்று அம்மா கேட்கிறார். பிள்ளை "மீன்" என்கிறது. "ஓம், மீன்தான். சின்னச் சின்னச் சூடை மீன்" என்று அம்மா ஒரு சொல்லைக் கூட்டுகிறார். பிறகு "என்ன மீன்?" என்று கேட்டுவிட்டுப் பொறுத்திருக்கிறார். பிள்ளை "சூடை மீன்" என்கிறது. கேட்பது, ஏற்பது, கூட்டுவது, திருப்பிச் சொல்ல வைப்பது: அவ்வளவுதான் முறை. இதில் தவறிப்போவது பெரும்பாலும் பொறுத்திருக்கும் இடம். பெரியவர்கள் ஒரு நொடிகூடக் காத்திராமல் விடையைத் தாங்களே சொல்லிவிடுகிறார்கள். மனதுக்குள் ஐந்துவரை எண்ணுங்கள். கதையை முதன்முறை வாசிக்கும்போது கேள்வியே வேண்டாம். இரண்டாம் முறையிலிருந்து இரண்டு பக்கத்துக்கு ஒன்று போதும்.

புத்தகத் தமிழா, பேச்சுத் தமிழா என்ற விவாதம் இந்த ஆண்டும் சூடாக நடந்தது. குழு எடுத்த நிலைப்பாட்டைப் பதிவு செய்கிறேன். மூன்று வயதுக்குக் கீழே படத்தைப் பார்த்து வீட்டுப் பேச்சில் சொல்லுங்கள், "நரி ஓடினது" என்றே சொல்லலாம். நான்கு வயதிலிருந்து அச்சில் உள்ளபடி "நரி ஓடியது" என்று வாசித்துவிட்டு, விளங்காத இடத்தில் மட்டும் பேச்சில் ஒரு வரி சொல்லுங்கள். முழுவதையும் பேச்சுக்கு மாற்றிக்கொண்டே போனால், பிள்ளை முதலாம் தரத்துக்குப் போகும்போது பாடப்புத்தகத்தின் நடை அதன் காதுக்குப் புதிதாக இருக்கும். எழுத்துத் தெரிந்த பிள்ளையும் அங்கேதான் தடுமாறுகிறது.

வரியின் கீழே விரல் வைத்து வாசிப்பது நல்ல பழக்கம், ஆனால் நான்கரை ஐந்து வயதுக்குப் பிறகே. விரல் எழுத்து எழுத்தாகக் குத்திக்கொண்டு போகக்கூடாது, சொல்லின் தொடக்கத்திலிருந்து முடிவுவரை வழுக்கிக்கொண்டு போகவேண்டும். தமிழில் இதற்குத் தனிக் காரணம் உண்டு. "பொம்மை" என்ற சொல்லில் முதலில் கண்ணில் படுவது கொம்பு, பிறகு பகரம், பிறகு கால். மூன்று உருவமும் சேர்ந்தால்தான் "பொ" என்ற ஓசை. அதே சொல்லில் மகரத்துக்கு முன்னால் நிற்கும் ஐகாரக் குறியும் அப்படித்தான். கொம்பிலேயே விரல் நின்றால் ஓசை எங்கே என்று பிள்ளை குழம்பிப்போகும்.

கடற்றொழிலுக்குப் போகும் அப்பாமாரின் வீடுகளில் "படுக்கும் நேரம் வாசியுங்கள்" என்ற வழமையான ஆலோசனை பலிப்பதில்லை. இரவில் கடலில் நிற்பவருக்குப் பின்னேரத் தேநீர் நேரம் பொருந்துகிறது. நேரம் எதுவானாலும் அது தினமும் அதே நேரமாக இருந்தால், பிள்ளையே புத்தகத்தை எடுத்துக்கொண்டு வரும். எழுத்து வாசிக்கத் தெரியாத அம்மம்மாவும் உம்மம்மாவும் ஒதுங்கத் தேவையில்லை. சொல் இல்லாத படப் புத்தகங்கள் அவர்களுக்காகவே தனிப் பையில் வைக்கப்பட்டுள்ளன. கதையை அவர்களே கட்டிக்கொள்ளலாம்.

மத்திய கிழக்கில் வேலை செய்யும் அம்மாமாருக்காக வட்ஸ்அப் குரற்பதிவு முறையைத் தொடங்கினோம். புத்தகம் பிள்ளையின் கையிலும், அதே பக்கங்களின் படங்கள் அம்மாவின் தொலைபேசியிலும் இருக்கவேண்டும். பதிவு நான்கு நிமிடத்தைத் தாண்டவேண்டாம். மின்விசிறியை நிறுத்தி, தொலைபேசியை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வைத்துப் பேசுங்கள். பக்கத்துக்குப் பக்கம் "இப்ப பக்கத்தைத் திருப்பு மகள்" என்று சொல்லி மூன்று நொடி விடுங்கள். வீட்டில் இருப்பவர் தொலைபேசியைக் குப்புற வைக்கவேண்டும். திரை தெரிந்தால் பிள்ளை புத்தகத்தைப் பார்க்காது. வீடியோவாக அனுப்பவேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான்.

நூல்களைப் பற்றி. கடையில் கிடைக்கும் தமிழ்ச் சிறுவர் நூல்கள் போதாதபடியால் நாங்களே அச்சிட்டுத் தைத்தோம். பெங்களூரின் பிரதம் புக்ஸ் 2015 இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் ஏராளம். அச்சிட்டுப் பகிர அனுமதி உண்டு, எழுதியவர், வரைந்தவர் பெயர்கள் உள்ள பக்கத்தை மட்டும் விட்டுவிடக்கூடாது. ஏ4 தாள் நான்கை இரு பக்கமும் அச்சிட்டு நடுவில் மடித்தால் 16 பக்கம். இப்படிப் பாதியாகச் சுருக்கும்போது எழுத்தும் பத்துக்கு ஏழு பங்காகச் சுருங்கும். மூலத்தில் எழுத்தின் அளவு 24 புள்ளி இருந்தால்தான் கைக்கு வரும்போது 17 புள்ளியாவது தேறும். அதற்குக் குறைந்தவற்றை முழுத் தாளிலேயே அச்சிடுங்கள்.

ஸ்டேப்ளர் பின் அடிக்கவேண்டாம். உப்புக் காற்றில் பின் துருப்பிடித்து, கறை பக்கத்துக்கு இறங்கி, கடைசியில் நடுத்தாள் கழன்று வரும். நூலால் தையுங்கள். மடிப்பில் மூன்று துளை: நடுவில் ஒன்று, மேலும் கீழும் விளிம்பிலிருந்து 4 சென்ரிமீற்றர் உள்ளே ஒவ்வொன்று. அரை மீற்றர் பருத்தி நூலுக்கு மெழுகு தேய்த்து, உட்புறமிருந்து நடுத்துளையால் வெளியே எடுத்து, மேல் துளையால் உள்ளே விட்டு, கீழ்த் துளையால் வெளியே எடுத்து, மறுபடி நடுத்துளையால் உள்ளே கொண்டுவாருங்கள். உள்ளே ஓடும் நீண்ட நூலின் இரு பக்கத்திலும் இரண்டு முனைகளும் நிற்கும்படி பார்த்து முடிச்சுப் போட்டால் அசையாது.

மாரி காலத்தில் ஈரம் பட்ட புத்தகத்தை வெயிலில் காயவைக்காதீர்கள், தாள் நெளிந்து அட்டை வளையும். பக்கங்களை விரித்து, நிழலில் காற்றோட்டமான இடத்தில் நிறுத்தி வையுங்கள். பூச்சிக்காக நப்தலின் உருண்டை போடவே கூடாது. பிள்ளைகள் வாயில் வைத்தால் ஆபத்து. சில பிள்ளைகளுக்கு அது இரத்தச் சிவப்பணுக்களையே சிதைக்கும்.

வாசிக்கப் பழகிய பிள்ளைக்கு வாசித்துக் காட்டுவதை நிறுத்திவிடுவதுதான் எங்களுக்குப் பெரிய கவலை. இரண்டாம், மூன்றாம் தரத்தோடு பல வீடுகளில் இது நின்றுவிடுகிறது. அந்த வயதில் பிள்ளை தானாக வாசிக்கக்கூடிய கதை சின்னது, காதால் கேட்டு விளங்கக்கூடிய கதை மிகப் பெரியது. அந்த இடைவெளியில் நீண்ட கதைகளை நாளுக்கு ஒரு அத்தியாயமாக வாசியுங்கள். பரபரப்பான இடத்தில் நிறுத்துங்கள். பத்து வயதுவரையாவது தொடரும்படி அங்கத்தவர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள் உண்டு. ஒன்று, மூதூர், கிண்ணியா அங்கத்தவர்கள் நகரத்துக்கு வந்துபோகும் சிரமத்தைக் குறைக்க, பயிற்சியை மாறி மாறி அங்கேயும் நடத்துவது. மற்றது, அப்பாமாருக்குத் தனியாக ஒரு மாலைப் பயிற்சி. இரண்டையும் சபையின் அனுமதிக்கு விடுகிறேன். வட்டத்தின் புத்தக இரவல் பைகளை எடுத்தவர்கள் மாரி தொடங்குமுன் திருப்பித் தரவும். தையல் விட்ட புத்தகங்களைத் தனியே கட்டித் தந்தால் உடனே தைத்து அடுத்த வீட்டுக்கு அனுப்பலாம்.

செயலாளர்